போர்ட்ஃபோலியோவும் பிளாக்கும் ஒரே தளத்தில்: எதில் கட்டுவது?

கேள்வி, 21 நவம்பர் 2025

அண்ணாச்சி, தென்காசிப் பக்கம் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். நேரம் கிடைத்தால் பறவைப் படம். இதுவரை எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான். பார்ட்டிகளுக்குக் காட்ட ஒரு போர்ட்ஃபோலியோ வேண்டும். பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதவும் ஆசை. இரண்டுக்கும் தனித்தனித் தளம் வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது. தளம் கட்டித் தருகிற ஸ்கொயர்ஸ்பேஸ் சேவையின் டெம்ப்ளேட் எல்லாம் அழகாக இருக்கிறது, அதையே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். படம் எடுக்கிறவனுக்கு அழகுதானே முக்கியம்?

பதில், 22 நவம்பர் 2025

அழகு முக்கியம்தான் தம்பி, ஆனால் தேர்வை அங்கே தொடங்காதீர்கள். டெம்ப்ளேட்டில் நீங்கள் பார்ப்பது அவர்கள் வைத்திருக்கும் சாம்பிள் படத்தின் அழகு. பனிமூட்டத்தில் ஒற்றை மரம், வெள்ளைச் சுவர் முன்னால் ஒற்றை நாற்காலி என்று போட்டால் எந்த டெம்ப்ளேட்டும் ஜொலிக்கும். அதே இடத்தில் மண்டபத்து டியூப்லைட்டும் சீரியல் செட்டும் பின்னால் தெரிகிற நம்ம முகூர்த்தப் படத்தை வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

நான் போடுகிற கணக்கு இது. போர்ட்ஃபோலியோ என்பது இருபது முப்பது படம். நாளைக்கே தளம் மூடிப்போனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேறு இடத்தில் கட்டிவிடலாம். படங்கள் நம்ம ஹார்டு டிஸ்கில்தான் இருக்கின்றன. வலைப்பதிவு அப்படி இல்லை. அது வருடக்கணக்கில் சேருகிற சரக்கு: எழுதியது, படத்துக்கு அடியில் போட்ட குறிப்பு, யாரோ வந்து சொன்ன தகவல், நாலு பேர் கொடுத்த இணைப்பு. அதை மறுபடி கட்ட முடியாது, எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும். ஆகவே வலைப்பதிவுக்கு எது சரிப்படும் என்று முதலில் பார்த்து, அது தாங்குகிற போர்ட்ஃபோலியோவை மேலே வையுங்கள். பெரும்பாலான படக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதல் கேள்வி, எழுதியதை வெளியே எடுக்க வழி உண்டா என்பது. வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ், பிளாக்கர், கோஸ்ட் மூன்றிலும் உண்டு. ஸ்கொயர்ஸ்பேஸ் வேர்ட்பிரசுக்குப் பொருந்துகிற எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று தரும். ஆனால் வலைப்பதிவுப் பக்கம் பல வைத்திருந்தால் அதில் ஒன்றின் பதிவுகள்தான் வரும், நீங்கள் ஆசைப்பட்ட அந்த அழகு வராது. விக்ஸ் என்ற இன்னொரு தளம் கட்டும் சேவையில் கட்டியதை எடுத்துப் போய் வேறு இடத்தில் ஓட்ட முடியாது. இதை அவர்களே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

22 நவம்பர், இரவு

விட்டுப்போனது ஒன்று. எந்தத் தளத்தை எடுத்தாலும் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில், உங்கள் கையால் வாங்குங்கள். தளம் கட்டிக்கொடுக்கிற பையன் ‘நானே போட்டுத் தருகிறேன் அண்ணே’ என்பான். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவுக்கு அப்படித்தான் நடந்தது. பையன் வெளிநாடு போய்விட்டான், பெயர் அவன் கணக்கில். புதுப்பிக்கிற தேதி தாண்டி, பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டு, ஆல்பத்தின் பின்னட்டை எல்லாவற்றிலும் அந்தப் பெயர்.

கடை இடம் மாறலாம், போன் நம்பர் மாறக் கூடாது. டொமைன் அந்த நம்பர்.

25 நவம்பர் 2025

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: ‘பெரிய கம்பெனியில் போட்டால் எதற்கு வெளியேறுகிற பேச்சு?’

பெரிய கம்பெனி என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை சார். கூகுளின் பிகாசா வெப் ஆல்பம் 2016-இல் போனது. கூகுள் பிளஸ் ஒரு காலத்தில் படக்காரர்களின் கோட்டை. 2019 ஏப்ரலில் மூடினார்கள். போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் 2017-இல் திடீரென்று, மற்றத் தளங்களில் படம் காட்ட வருடம் 399 டாலர் கேட்டது. ஊர்ப்பட்ட பதிவுகளில் படத்துக்குப் பதில் ஒரு மீட்டர் படம் தொங்கியது. ஃபிளிக்கர் படத்தளத்தை 2018-இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு படத்தளம் வாங்கியது. அந்த வருடமே இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று வரம்பு போட்டார்கள். டைப்பேட் என்று பழைய வலைப்பதிவு சேவை ஒன்று இருந்தது, 2003-இல் வந்தது. இந்த வருடம் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அதற்கும் மூடுவிழா. அறிவிப்பு வந்தது ஆகஸ்டில்தான். வருடக்கணக்கான பதிவை மூட்டை கட்ட ஒரு மாதச் சொச்சம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோபிஸ்ட் என்று அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் ஒருவரின் வலைப்பதிவு. கேமராவை விட்டுத் தள்ளி வைத்த சின்ன ஃபிளாஷில் ஒளியமைப்பது எப்படி என்று பாதி உலகம் அங்கேதான் கற்றது. நானும்தான். 2006-இல் தொடங்கினார், 2021-இல் போதும் என்று நிறுத்தினார். முழுக்க இலவச பிளாக்கரில், பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே ஓட்டினார். டெம்ப்ளேட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். யாரும் டெம்ப்ளேட்டுக்காக அங்கே போகவில்லை.

1 டிசம்பர் 2025

ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடோபி போர்ட்ஃபோலியோ: லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் இது சும்மாவே கிடைக்கிறது, பலருக்கு இது தெரியாது. லைட்ரூம் ஆல்பத்தை நேராக இழுத்துக்கொள்ளும், சொந்த டொமைன் வைக்கலாம். ஆனால் வலைப்பதிவு கிடையாது. எழுதுகிற எண்ணமே இல்லாதவர்கள் இதோடு இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம்.

ஸ்மக்மக்: 2002-லிருந்து இருக்கிறது, படம் சேமிக்கவும் பிரிண்ட் விற்கவும் நல்லது. வலைப்பதிவுக்கு இல்லை.

பிக்ஸிசெட் மாதிரியானவை: பார்ட்டிக்குப் படம் அனுப்ப, ஆல்பத்துக்கு அவர்கள் படம் தேர்ந்தெடுக்க. அந்த வேலைக்கு நன்றாக இருக்கிறது. நான் பார்ட்டி கேலரியை எப்போதும் தளத்திலிருந்து தனியாகவே வைக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம், அதைச் சொந்தத் தளத்தில் ஏற்றினால் இடம் தாங்காது.

கோஸ்ட்: எழுதுவதற்கு இதைவிடச் சுகமான இடம் இல்லை. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்தது, திறந்த மூலம். ஆனால் அதன் கேலரிக் கட்டத்தில் ஒன்பது படம்தான் அடங்கும். பத்தாவது படத்துக்கு இன்னொரு கட்டம் போட வேண்டும். எழுத்தாளருக்காகச் செய்தது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஹியூகோ, ஜெகில்: எழுதியதை முன்கூட்டியே பக்கங்களாக்கி வைக்கும் மென்பொருள்கள். கணினி தெரிந்த மைத்துனர் இருந்தால் செய்யுங்கள். தரவுத்தளம் இல்லை, ஹேக் ஆகிற பயம் குறைவு, கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஓடும். ஆனால் அங்கே தளத்துக்கு 1 ஜிபி வரம்பு உண்டு, படக்காரனுக்கு அது சீக்கிரம் முட்டும். மைத்துனர் கோபித்துக்கொண்டால் தளமும் நிற்கும்.

பிளாக்கர்: இலவசம், சொந்த டொமைன் வைக்கலாம், தமிழில் வலைப்பதிவு என்றாலே ஒரு தலைமுறைக்கு இதுதான். போர்ட்ஃபோலியோ பக்கம் கட்டத்தான் எச்டிஎம்எல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். ஏற்றுமதி செய்தால் எழுத்தும் பின்னூட்டமும் வரும். படம் வராது, படத்தின் முகவரிதான் வரும். படங்களைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ்: கடைசியில் நான் சொல்லப்போவது இதைத்தான். ஆனால் அதில் காம், ஆர்க் என்று இரண்டு உண்டு. காம் என்பது அவர்கள் இடத்தில் குடியிருப்பது. இலவசக் கணக்கில் இடம் கொஞ்சம், விளம்பரமும் வரும். ஆர்க் என்பது மென்பொருளை எடுத்து நம்ம வாடகை சர்வரில் நிறுவுவது. அது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.

2 டிசம்பர்

‘மைத்துனர்’ பற்றி எழுதியதற்கு என் மைத்துனரே போன் செய்துவிட்டார். அவரைச் சொல்லவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

9 டிசம்பர் 2025

தமிழில் எழுதப்போகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துபாருங்கள். பெரும்பாலான சேவைகளில் இலவசமாகச் செய்துபார்க்க வழி உண்டு. அதில் ஒரு தலைப்பு அடியுங்கள்: ‘கூந்தன்குளத்தில் கூழைக்கடா கூடு கட்டும் காலம்’. இரண்டு வரியாக உடைகிற மாதிரி நீளமாக இருக்க வேண்டும்.

இந்த டெம்ப்ளேட்களை வரைகிறவர்கள் இங்கிலீஷ் தலைப்பை மனதில் வைத்து வரிகளை நெருக்கி வைக்கிறார்கள். நமக்கு மேலே புள்ளி, கீழே சுழி இரண்டும் உண்டு. மேல்வரியின் ‘கூ’ கீழே இறங்கி, கீழ்வரியின் ‘ட்’ புள்ளி மேலே ஏறி, ஒன்றோடு ஒன்று மோதும். சில டெம்ப்ளேட்டில் எழுத்தின் கால் வெட்டுப்பட்டே தெரியும். இரண்டாவது, அவர்கள் தரும் ஸ்டைலான எழுத்துருவில் தமிழ் இருக்காது. உலாவி வேறு தமிழ் எழுத்துருவைத் தானே தேடிப் போடும்: விண்டோசில் நிர்மலா, ஆப்பிளில் வேறொன்று. நீங்கள் பார்க்கிற தளமும் பார்ட்டி பார்க்கிற தளமும் வேறாக இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ தமிழ் எல்லாம் இலவசம். அதில் ஒன்றைச் சேர்க்க உங்கள் தளம் விடுகிறதா, வரி இடைவெளியை மாற்ற விடுகிறதா என்று பாருங்கள். தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடும் நாகரிகம் ஒன்று உண்டே, அதைத் தமிழுக்குச் சுழியமாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது பதிவின் முகவரி. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். உள்ளே அது சதவீதக் குறியும் எண்ணுமாக மாறும்: ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒன்பது இடம். மெய்ப்புள்ளி, கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. ‘கூந்தன்குளம்’ என்ற ஒரே சொல் 108 இடம் பிடிக்கிறது. வேர்ட்பிரசில் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200. பக்கத்தில் ‘நாரைகள்’ சேர்த்தால் 172. மூன்றாவது சொல் பாதியில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பை ஒட்டினால் வைரஸ் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். அதனால் வெளியிடும் முன்பே முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சின்னதாக நீங்களே அடித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் கொடுத்த இணைப்புகள் உடையக்கூடும்.

தமிழன்பர் ஒருவர் இதற்குக் கோபிப்பார், தெரியும். தலைப்பும் பதிவும் தமிழிலேயே இருக்கட்டும் ஐயா. முகவரி தபால்காரருக்கு.

18 டிசம்பர் 2025

மார்கழி பிறந்தாச்சு, முகூர்த்தம் இல்லை. நம்ம தொழிலில் தளம் கட்டுகிறவர்கள் எல்லாம் இந்த மாதத்தில்தான் கட்டுகிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படத்தை எந்த அளவில் ஏற்றுவது? இன்ஸ்டாகிராமிலிருந்து இறக்கி ஏற்றாதீர்கள். அது பல வருடமாக 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அழுத்தி வைத்த படம். கேமரா கொடுத்த 6000 பிக்சல் ஜேபெக்கையும் அப்படியே ஏற்றாதீர்கள். லைட்ரூமில் நீளப் பக்கம் 2048, தரம் 75-லிருந்து 80, நிறவெளி (படத்தின் நிறங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி. பெரும்பாலும் 1 எம்பிக்குள் நிற்கும். பறவையின் இறகு, பட்டுச் சரிகை மாதிரி நுணுக்கம் அதிகமான படம் அதைத் தாண்டும், தாண்டட்டும்.

நிறவெளியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பிரிண்டுக்கு நல்லது என்று கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்திருப்போம். ஏற்றுமதியில் அதை மாற்றாமல் விட்டு, தளமும் சுருக்குகிற வேகத்தில் நிறக்குறிப்பைக் கழற்றிவிட்டால், உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும். அரக்குச் சிவப்புக் காஞ்சிப்பட்டு வெளிறிப்போய் செங்கல் நிறமாகும். முகத்தில் மஞ்சள் பூசிய பெண் காய்ச்சல்காரி மாதிரி நிற்பாள். பார்ட்டிக்கு நிறவெளி தெரியாது. ‘இவர் கலர் சரியில்லை’ என்று போய்விடுவார்கள்.

முகப்புப் படம் இன்னொரு தொல்லை. திரை முழுக்க நிரப்புகிற படம் கணினியில் படுக்கைவாக்கில் பிரமாதமாக இருக்கும். அதே படத்தைப் போனில் நிற்கவைத்து நடுவே வெட்டும். மணமக்கள் ஆளுக்கொரு ஓரமாக நின்ற படம் என்றால் நடுவில் இருக்கிற குத்துவிளக்குதான் மிஞ்சும். ஒருவர் தளத்தில் மாப்பிள்ளையே காணோம், மூன்று மாலையும் ஒரு கையும் தெரிகிறது. ஸ்கொயர்ஸ்பேஸிலும் வேர்ட்பிரசின் கவர் கட்டத்திலும் ‘இந்த இடத்தை வெட்டாதே’ என்று புள்ளி குறிக்கலாம். குறித்தபின் போனில் திறந்து பாருங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் வருவார்கள்.

இன்னொன்று: படத்தைத் தட்டினால் பெரிதாகக் காட்டுவதற்கு வேர்ட்பிரசில் முன்பு தனி பிளகின் (கூடுதல் வசதிக்கான செருகுநிரல்) தேவைப்பட்டது. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து அதிலேயே இருக்கிறது. பழைய யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு நாலு கேலரி பிளகின் போடாதீர்கள், தளம் நொண்டும்.

19 டிசம்பர்

வலது கிளிக்கைத் தடுத்தால் திருட்டு நிற்குமா? நிற்காது. ஸ்கிரீன்ஷாட் என்று ஒன்று இருக்கிறது.

27 டிசம்பர் 2025

ஆர்க் கதை, சொன்னபடி.

வாடகை சர்வரில் வேர்ட்பிரஸ் நிறுவுவது இன்று பெரிய வித்தை இல்லை, பொத்தான் அழுத்தினால் ஏறிவிடும். படக்காரனுக்குப் பிரச்சினை வேறு இடத்தில். நீங்கள் ஒரு படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து குட்டி போடும்: 150, 300, 768, 1024, 1536, 2048 என்று. 2560-க்கு மேல் உள்ள பெரிய படம் என்றால் 2560-க்குச் சுருக்கிய இன்னொன்று. மூலப்படத்தையும் வைத்துக்கொள்ளும். ஒரு படம் எட்டுக் கோப்பு. தீம் தன் பங்குக்கு இன்னும் இரண்டு மூன்று சேர்க்கும். போனுக்குச் சின்னது, கணினிக்குப் பெரியது என்று பொருத்தமாகக் கொடுக்கத்தான் இது, நல்ல காரியம்தான். ஆனால் மலிவு ஹோஸ்டிங்கில் இடம் ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பை எங்கோ உள்ளே சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள். எனக்கு அது தெரியவந்தது ஒரு ஆவணி மாதம். தளம் நின்றுபோய், கேட்டால் கோப்பு அதிகம், மேல் திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில். இடத்தில் கால்வாசிகூட நிரம்பவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இப்படி ஓட்டுகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வாங்குமுன் ‘ஐநோடு வரம்பு எவ்வளவு’ என்று (கோப்பு எண்ணிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் அது) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேக்கப் பற்றி ஒரு வரி: ஹோஸ்டிங்காரர் எடுக்கிற பேக்கப் அவருக்கு. உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் டிஸ்கில் ஒன்று இருக்க வேண்டும்.

4 ஜனவரி 2026

பணம்.

வெளிநாட்டுச் சேவை என்றால் டாலர் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும், வங்கி வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு கட்டணம் போடும். அதற்கு மேல், தானாகப் பணம் எடுப்பதில் ஒரு சிக்கல். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி இந்தத் தானியங்கிப் பிடித்தத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. முதலில் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. 2022-இல் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டுக் கம்பெனிக்கு அட்டை சத்தமில்லாமல் மறுத்துவிடும். மறுத்த தகவல் நீங்கள் பார்க்காத மெயிலுக்குப் போகும். நாகர்கோவில் நண்பர் ஒருவரின் தளம் இப்படி முகூர்த்த நேரத்தில் இருட்டானது. பார்ட்டி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

அதனால் டொமைனை மட்டுமாவது ரூபாயில், யுபிஐயில் கட்டுகிற மாதிரி, ஒரே மூச்சில் சில வருடத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். போன் காலண்டரில் தேதி போட்டு வையுங்கள்.

8 ஜனவரி 2026

தம்பி நேற்று கேட்டது நல்ல கேள்வி: ‘நான் எடுத்த படம்தானே, போர்ட்ஃபோலியோவில் போட யாரைக் கேட்க வேண்டும்?’

இந்தியாவில் கேட்க வேண்டும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு: ஒருவர் காசு கொடுத்து, அவர் சொல்லி எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்தவர் இல்லை. கல்யாணப் படம் அச்சு அசலாக அந்த வகை. நம்ம ஊரில் அட்வான்ஸ் ரசீதுதான் ஒப்பந்தம். அதில் மண்டபம், நேரம், கரிஸ்மா ஆல்பம் எத்தனை தாள், டிரோன் உண்டா எல்லாம் இருக்கும், இது இருக்காது. ரசீதிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: ‘ஸ்டுடியோவின் இணையதளத்திலும் சமூக வலைத்தளத்திலும் படங்களைக் காட்டச் சம்மதம்’, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘இல்லை’ கட்டத்தை விட்டுவிட்டு அச்சடிக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். வேண்டாம். பெண் வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் பேச்சு ஊர் முழுக்கப் போகும்.

பறவை இந்த விஷயத்தில் தங்கம். கையெழுத்து கேட்காது.

12 ஜனவரி 2026

பறவைக்கும் ஒன்று உண்டு என்று ஒரு தோழி திருத்துகிறார். சரிதான். கூடு இருக்கும் இடம்.

போனில் எடுத்த படம், ஜிபிஎஸ் உள்ள கேமராப் படம் இரண்டிலும் எடுத்த இடம் எக்ஸிஃப் தகவலில், அதாவது கேமரா படக்கோப்புக்குள் எழுதிவைக்கும் குறிப்பில், ஒட்டிக்கொண்டிருக்கும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் அதையெல்லாம் கழற்றிவிடுவதால் நாம் கவலைப்பட்டதில்லை. சொந்தத் தளத்தில் கழற்ற ஆள் இல்லை. கூந்தன்குளத்தில் பரவாயில்லை, ஊருக்கே தெரிந்த இடம், 1994-இல் சரணாலயமாக அறிவித்தது, சங்குவளை நாரை வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் ஊர்க்காரர்கள் துரத்துவதில்லை. ஆனால் காட்டுக்குள் ஒற்றைக் கழுகுக் கூடு, ஆந்தைப் பொந்து என்றால், நீங்கள் போட்ட மறுவாரம் அங்கே இருபது கேமரா நிற்கும். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இபேர்டு தளமே அபூர்வமான சில பறவைகளின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. லைட்ரூம் ஏற்றுமதியில் இடத்தகவலை நீக்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள், பதிவிலும் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழற்றுகிற வேகத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். உங்கள் பெயர், உரிமைக் குறிப்பு எல்லாம் ஐபிடிசி என்ற இன்னொரு உள்குறிப்பில் இருக்கின்றன. கூகுள் படத் தேடல் அதைப் படித்துக் காட்டும். சர்வரில் படத்தைச் சுருக்க ஜிடி என்ற பழைய கருவி இருந்தால் சுருக்கிய படத்தில் இவையும் போய்விடும், இமேஜ்மேஜிக் இருந்தால் நிற்கும். ஹோஸ்டிங்காரரிடம் ஐநோடு கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஆள் மிரண்டுபோவார்.

18 ஜனவரி 2026

பொங்கல் லீவில் யோசித்ததில் ஒரு மறுயோசனை. போர்ட்ஃபோலியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டிவிடலாம் என்று முதலில் எழுதினேன். பக்கத்தைக் கட்டுகிற வேலைக்கு அது சரி. எந்த இருபது படம் என்று முடிவு செய்கிற வேலைக்கு இல்லை. அதற்கு டிஸ்க் முழுக்கத் துழாவ வேண்டும். வீட்டுக்காரியையோ தொழில் தெரியாத நண்பரையோ பக்கத்தில் உட்காரவைத்து, நமக்குப் பிடித்த படத்தில் அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று கேட்டு நொந்துபோக வேண்டும். ஆனாலும் தேர்வு முடிந்தபின் அந்த இருபதை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால், தளம் மாறும்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நிற்கும்.

இன்னொன்று, இரண்டும் ஒரே தளம் என்றால் ஒரே முகப்பு என்று பொருள் இல்லை. வேர்ட்பிரஸ் பழக்கத்தில் விட்டால் கடைசியாக எழுதிய பதிவுதான் முகப்பில் நிற்கும். மகள் கல்யாணத்துக்கு ஆள் தேடி வந்த அம்மாவுக்கு முதலில் தெரிவது, குஞ்சுக்கு மீனைக் கக்கிக் கொடுக்கும் கூழைக்கடா. அமைப்பில் முகப்பை நிலைப்பக்கமாக மாற்றி, பதிவுகளுக்கு வேறு பக்கம் கொடுங்கள். மேலே நாலே இணைப்பு: கல்யாணம், பறவைகள், எழுத்து, தொடர்புக்கு. தொடர்புப் பக்கத்தில் படிவம் மட்டும் வைக்காதீர்கள். நம்ம ஊரில் படிவம் நிரப்பி ஆர்டர் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. போன் நம்பரைத் தட்டினால் அழைக்கிற மாதிரி, வாட்ஸ்அப் பொத்தானோடு.

பறவை எழுத்து கல்யாண ஆர்டர் தருமா என்று கேட்டால், நேராகத் தராது. ஆனால் ‘இவர் விடியற்காலையில் தண்ணீரில் நின்று படம் எடுக்கிறவர்’ என்று தெரிந்து கூப்பிடுகிற பார்ட்டி பேரம் பேசுவது குறைவு. இதற்குப் புள்ளிவிவரம் எல்லாம் கேட்காதீர்கள், தோன்றுவதைச் சொல்கிறேன்.

3 பிப்ரவரி 2026

தம்பியின் தளம் பார்த்தேன். வேர்ட்பிரஸ், சொந்த டொமைன், முக்தா மலர். வரி மோதவில்லை. கல்யாணப் பக்கத்தில் எண்ணிப் பார்த்தால் 46 படம், பாதியை எடுத்துவிடுங்கள். தாலி கட்டும் படமே ஆறு இருக்கிறது, ஆறும் வேறு வேறு மாப்பிள்ளை என்பது உங்களுக்குத்தான் தெரியும். நாலாவது வரிசையில் பாட்டி வெற்றிலை மடிக்கும் படத்தை முதலுக்குக் கொண்டுவாருங்கள்.

பறவைப் பதிவு நன்றாக வந்திருக்கிறது. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்று ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். அது எந்த வயலில் மேய்ந்தது, யார் வயல், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அது மற்ற இடத்தில் கிடைக்காது.

பின்னூட்டத்தை மூடிவிடலாமா என்று கேட்டீர்கள். பறவைப் பதிவுகளில் திறந்தே வையுங்கள், பெயர் தப்பாகப் போட்டால் சொல்ல யாராவது வருவார்கள். முதல்முறை எழுதுபவரின் பின்னூட்டம் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்படி அமைப்பில் டிக் போடுங்கள். கல்யாணப் பக்கத்தில் மூடிவிடுங்கள். தை முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு கேள்வி இருந்தால் மாசி பிறந்ததும் பார்க்கிறேன்.